வாயும் வாய்க்காலும்

(வானொலி பண்ணை இல்ல ஒலிபரப்பில் பல் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



காலையில் எழுந்ததும் நீங்கள் முதலில் எங்கே போவீர்கள்? வயலுக்குத்தான். வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா, மடை அடைத்திருக்கிறதா, வரப்பில் நண்டு வளை போட்டிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். விரல் அளவு ஓட்டை இருந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தப்பாது. சரி, உங்கள் வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? வாய்க்காலைத் தினம் பார்க்கிற நாம் வாயைப் பார்ப்பதில்லை. வலி வந்த பிறகுதான் அங்கே ஒரு வாய் இருப்பதே நினைவுக்கு வருகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பொங்கல் கழிந்த மறுவாரம், நாங்கள் மூன்று பேர் ஒகேனக்கல்லில் சைக்கிள் ஏறினோம். காவிரிக் கரையோடு மேட்டூர், பவானி, ஈரோடு, கொடுமுடி, கரூர், குளித்தலை, திருச்சி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஊர் ஊராக இறங்கி, பன்னிரண்டாம் நாள் பூம்புகாரில் கடலைப் பார்த்தோம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வழியில் பள்ளிக்கூடம், டீக்கடை, களத்துமேடு, ஆலைக்கொட்டகை என்று எங்கே நாலு பேர் கூடியிருந்தாலும் பல்லைப் பற்றிப் பேசினோம்.

ஏன் சைக்கிள் என்று கேட்பீர்கள். கார் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். சைக்கிள் வரப்பு வரை வரும். காரில் வந்து இறங்குகிறவனிடம் கும்பிடு போடுவார்கள். சைக்கிளில் வியர்த்து வந்தவனிடம்தான் வாயைத் திறந்து காட்டுவார்கள். எங்கள் பெட்டியில் இருந்தது ஒரு மாவுக்கட்டுத் தாடை, ஒரு டார்ச், ஆறு கைக்கண்ணாடி. இதில் அதிகம் வேலை செய்தது கைக்கண்ணாடிதான். "அட, இங்கே ஒரு ஓட்டை இருக்குதே!" என்று அவரவரே கண்டுபிடித்துச் சொன்னதை எத்தனையோ இடத்தில் கேட்டோம்.

அந்தப் பயணத்தில் நான் தெரிந்துகொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். பல்லுக்கு வருகிற கேடு பெரும்பாலும் நாம் வாய்க்குள் போடுவதிலிருந்து வருகிறது. பல்லின் மேல் விலை உயர்ந்த பொருளைப் பூசாததால் வருவதில்லை. இதை ஆற்றோடு இறங்கி வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

மேலே: தண்ணீர்

முதல் இரண்டு நாள் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் இருந்தோம். ஒரு தாயார் தன் மகளை அழைத்து வந்தார். பெண்ணுக்கு வயது 21. பேசும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"தினமும் செங்கல் தூள் வெச்சுத் தேய்க்கறா டாக்டரு. கறை போகவே மாட்டேங்குது. ரெண்டு எடத்துலருந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. பதிலே இல்ல" என்றார் அந்தத் தாயார்.

பார்த்தேன். முன்பற்களில் பழுப்புக் கோடுகள், சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டுகள். அது அழுக்கு அல்ல. குடித்த தண்ணீர் எழுதிய எழுத்து. அந்தப் பகுதிப் பாறைகளில் ஃப்ளோரைடு என்னும் உப்புச் சத்து இருக்கிறது. அது நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம். வேறு தண்ணீரே கிடையாது என்றால் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அளவாக இருந்தால் இதே ஃப்ளோரைடு பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும். அளவு மீறினால், ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே அதன் மேல்பூச்சைக் கெடுத்துவிடும். ஏறத்தாழ எட்டு வயது வரை இந்தக் கெடுதி நடக்கும். அதற்கு மேலும் அதே தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் விறைத்துப் போகும்.

இந்த நோயை நம் பக்கத்தில் முதலில் கவனித்தவர்கள் டாக்டர்கள் அல்ல, விவசாயிகள். பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் உழவு மாடுகள் மூட்டுப் பிடித்து நடக்க முடியாமல் போவதை அவர்கள்தான் கண்டார்கள். பிறகு 1937இல் மனிதருக்கும் அந்த நோய் இருப்பதை மருத்துவர்கள் எழுதி வெளியிட்டார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது. ஆற்றுத் தண்ணீர் வந்தது. ஆனால் அது வரும்போது அந்தப் பெண்ணின் பற்கள் உள்ளேயே உருவாகி முடிந்துவிட்டன.

"செங்கல் தூளை இன்றோடு நிறுத்தம்மா" என்றேன். பல்லின் மேல்பூச்சு நம் உடம்பிலேயே கெட்டியான பொருள். ஆனால் தேய்ந்தால் மறுபடி வளராது. நகம் வளரும், முடி வளரும், பல்லின் பூச்சு வளராது. செங்கல் தூள், மணல், கரித்தூள் எல்லாம் அரம் போட்டு அராவுவது போலத்தான். கறை அப்படியே இருக்கும், பல்தான் தேயும். பிறகு தண்ணீர் பட்டாலே கூசும். அந்தப் பெண்ணுக்கு அப்போதே கூச்சம் வந்துவிட்டது. இந்தக் கறையைப் பல் டாக்டரால் குறைக்கவோ, மேலே பல் நிறத்தில் பூச்சுப் போட்டு மறைக்கவோ முடியும் என்று சொல்லி, அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தேன்.

அதோடு அது முடியவில்லை. அவள் இடுப்பில் அக்காள் பிள்ளை ஒன்று, மூன்று வயது. "வீட்டில் எந்தத் தண்ணீர்?" என்று கேட்டேன்.

"குடிக்க ஆத்துத் தண்ணிதானுங்க. ஒல வைக்க, கொழம்பு வைக்க எல்லாம் போர் தண்ணி. குழாய்ல வர்றது பத்தாது" என்றார் தாயார்.

இங்கேதான் எல்லாரும் ஏமாந்து போகிறோம். சோறு எத்தனை தண்ணீரைக் குடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? உலைத் தண்ணீரில் உள்ளது சோற்றோடு வயிற்றுக்குள் போகிறது. காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடும். ஆகவே ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்கிறது என்றால் அதைக் குடிக்கவும் சமைக்கவும் வையுங்கள். குளிக்க, துவைக்க போர் தண்ணீர் போதும். பெரியவளின் பல் போய்விட்டது. அந்த மூன்று வயதுப் பிள்ளையின் நிலைப்பற்கள் இன்னும் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவனுக்கு நேரம் இருக்கிறது.

உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி என்று சந்தேகம் இருந்தால், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். மண் பரிசோதனை செய்கிறோம் அல்லவா? தண்ணீரையும் செய்ய வேண்டும்.

நடுவே: இனிப்பு

மேட்டூர், பவானி, ஈரோடு தாண்டிக் கொடுமுடிப் பக்கம் வந்தோம். மஞ்சள் வேக வைக்கிற மணம் சாலை வரை வந்தது. பிறகு பாலம் கடந்து பரமத்தி வேலூர்ப் பக்கம் போனோம். ஒரு பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், ஒரு பக்கம் கரும்பு. ஆலைக்கொட்டகையில் கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் பிள்ளைகள், கையில் சூடான வெல்லம். எங்களுக்கும் கொடுத்தார்கள். சாப்பிட்டோம். பல் டாக்டர் வெல்லம் சாப்பிடக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

சொத்தை எப்படி வருகிறது என்று அங்கேயே விளக்கினோம். நம் வாயில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. நாம் தின்னும் இனிப்பை அவையும் தின்று புளிப்பைக் கழிக்கின்றன. அந்தப் புளிப்பு பல்லை அரிக்கிறது. உமிழ்நீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிச் சரிசெய்யும். அதற்கு நேரம் வேண்டும். ஆகவே எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை முறை தின்றோம் என்பதுதான் முக்கியம். சாப்பாட்டோடு ஒரு கட்டி வெல்லம் தின்றால் பல்லுக்கு ஒரு தடவைதான் அடி. அதையே மிட்டாயாக, பிஸ்கட்டாக, சர்க்கரை போட்ட டீயாக நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருந்தால், வயலில் தண்ணீர் வடியவே விடாமல் கட்டி வைத்த மாதிரி. வேர் அழுகாமல் என்ன செய்யும்?

ஆலைக்காரப் பெரியவர் ஒருவர் மடக்கினார். "ஏனுங்க டாக்டரு, எங்கப்பாரு பேஸ்ட்டக் கண்ணுலயே பாத்ததில்லீங்க. வேப்பங்குச்சிதான். எம்பது வயசு வரைக்கும் கரும்பு கடிச்சாருங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?"

சரியான கேள்வி. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. நன்றாக மென்று நார் பிரித்த குச்சி பல்லிடுக்கில் புகுந்து சுத்தம் செய்யும். ஆனால் உங்கள் அப்பா நாளைக்கு ஆறு டீ குடித்தாரா? பாக்கெட் பிஸ்கட் தின்றாரா? அவர் தின்ற கம்பும் சோளமும் வேறு, நம் பேரப்பிள்ளைகள் தின்பது வேறு. குச்சியில் ஃப்ளோரைடு இல்லை. ஆகவே இன்றைக்குப் பிள்ளைகளுக்கு ஃப்ளோரைடு சேர்ந்த பற்பசை கொஞ்சம் வேண்டியிருக்கிறது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் முழுக்க நீட்ட வேண்டாம். பிள்ளை விழுங்காமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊர்களில் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். "விழப்போற பால்பல்தானே" என்று விடாதீர்கள். பின்னால் வரும் பல்லுக்கு அதுதான் இடம் பிடித்து வைக்கிறது. அது முன்கூட்டியே சொத்தையாகி விழுந்தால் அடுத்த பல் கோணலாக முளைக்கும். இன்னொன்று: ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசியில் பெரிய கடைவாய்ப்பல் ஒன்று முளைக்கும். அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறோம். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். நாங்கள் பார்த்த பள்ளிக்கூடங்களில் அதிகம் சொத்தை கண்டது அந்தப் பல்லில்தான்.

கீழே: புகையிலை

கல்லணை தாண்டினோம். டெல்டாவில் சம்பா அறுவடை. திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஒரு களத்தில் நின்றோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் ஓரமாக வந்தார். இடது கன்னத்தில் புகையிலை அடக்கியிருந்தார்.

"காரம் பட்டா எரியுதுங்கய்யா. சூட்டுப் புண்ணா இருக்கும்."

டார்ச் அடித்துப் பார்த்தேன். புகையிலை வைக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு, நடுவே சிவப்பாக ஒரு புண். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நிறுத்தச் சொன்னேன். இரண்டு விரல்தான் போயிற்று. புண் வந்து எத்தனை நாள் என்றேன். ஆடிப்பெருக்குக்கு முன்னாலேயே இருந்ததாகச் சொன்னார். ஆறு மாதம்!

உடனே சீட்டு எழுதினேன். நாளைக்கே போய்ச் சதைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றேன். அவர் வயலைப் பார்த்தார். "மெஷினு இன்னிக்கி விட்டா எட்டு நாளைக்கு இந்தப் பக்கம் வராதுங்க. கதிர் கொட்டிப் போயிரும். அறுப்பு முடிஞ்சதும் போயிர்றேன்" என்றார்.

நானும் "சரி, முடிந்ததும் கட்டாயம் போங்கள்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிள் ஏறினேன். அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அறுப்பு முடிந்ததும் நெல் போட வேண்டியிருந்தது. பிறகு உளுந்து இருந்தது. விவசாயிக்கு வேலை இல்லாத நாள் எது? அவர் மருத்துவமனைக்குப் போனது பங்குனிக் கடைசியில். புற்றுநோய் என்று தெரிந்தது. கன்னத்திலும் தாடையிலும் ஒரு பகுதியை எடுத்தார்கள். கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் இன்றைக்கும் கரைத்த சோறும் கஞ்சியும்தான். அவர் மகள் போனில் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை. தையில் போயிருந்தால் வெட்டு சிறியதாக இருந்திருக்கும்.

கொடிக்கால் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். நான் வெற்றிலையைக் குறை சொல்லவில்லை. கேடு புகையிலையில் இருக்கிறது, பாக்கில் இருக்கிறது. புகையிலை இல்லாவிட்டாலும் வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்டது. வாய் திறப்பு குறைந்துகொண்டே வருவதும் பாக்கினால்தான். புகையிலை கலந்த பற்பொடியையும் பற்பசையையும் மத்திய அரசு 1992இல் தடை செய்தது. பல் வலிக்குப் புகையிலை அடக்குகிற பழக்கத்தையும் நாமே தடை செய்துகொள்ள வேண்டும்.

இதை மட்டும் மனதில் வையுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரல் நுழையாத வாய், இவற்றில் எது இருந்தாலும் அறுப்பு, நடவு எதற்கும் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மெஷின் எட்டு நாள் கழித்தாவது திரும்பி வரும்.

கடலில்: நாம் எறிந்தது

பூம்புகாரில் கடல் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அலை ஒதுக்கிய குப்பையில் அறுந்த வலை, செருப்பு, பாக்குப் பொட்டலம். நடுவே பச்சை நிறத்தில் ஒரு டூத் பிரஷ். நார் தேய்ந்திருந்தது, கைப்பிடி புத்தம் புதிதாக இருந்தது. எந்த ஊர் வாயிலிருந்து புறப்பட்டு, எந்த வாய்க்காலில் விழுந்து வந்ததோ! கொஞ்ச தூரத்தில் இன்னும் மூன்று கிடந்தன.

நைலான் நார் வைத்த பிரஷ் 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கைப்பிடி, நார் எல்லாம் மக்காத பொருள். மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ் மாற்ற வேண்டும் என்று டாக்டர்களாகிய நாங்கள்தான் சொல்கிறோம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 20 பிரஷ். 500 வீடுள்ள ஊரில் 10,000. இவை எங்கே போகின்றன? வாய்க்காலில் விழுந்தால் மதகில் அடைக்கும். எருக்குழியில் விழுந்தால் எருவோடு வயலுக்கு வரும். அடுப்பில் போட்டால் நச்சுப் புகை.

பிரஷ்ஷே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரியவர்கள் காலையில் குச்சி, இரவில் பிரஷ் என்று வைத்துக்கொண்டால் பிரஷ் கூடுதல் நாள் உழைக்கும். மூங்கில் கைப்பிடி பிரஷ் கிடைக்கிறது. அதன் நார் பெரும்பாலும் நைலான்தான். அதைப் பிடுங்கிவிட்டால் கைப்பிடி மக்கும். பழைய பிரஷ் மோட்டார் துடைக்க, தெளிப்பான் மூக்கைச் சுத்தம் செய்ய உதவும். அதற்கும் ஆகாது என்றால் ஊராட்சிக் குப்பை வண்டியில் மக்காத குப்பையோடு போடுங்கள். வாய்க்காலில் மட்டும் வேண்டாம்.

குச்சி பிடிக்கும் முறை

வேம்பு, ஆலம் விழுது, நாட்டுக் கருவேல் இவற்றில் ஒன்று. சுண்டு விரல் கனம், ஒரு சாண் நீளம், பச்சையாக இருக்க வேண்டும். மருந்து தெளித்த வயல் ஓரத்தில் ஒடிக்காதீர்கள். பெயர் தெரியாத செடியில் ஒடிக்காதீர்கள். அரளி போல விஷச் செடியும் உண்டு. பட்டையைச் சீவி, நுனியை மெத்தென்று நார் பிரியும் வரை மெல்லுங்கள். குறுக்கே இழுத்துத் தேய்த்தால் ஈறு கிழியும், பல் கழுத்தில் பள்ளம் விழும். ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி, மேல்பல்லைக் கீழ்நோக்கியும் கீழ்ப்பல்லை மேல்நோக்கியும் மெதுவாகத் தள்ளுங்கள். உள்பக்கத்தையும் கடைவாயையும் மறக்க வேண்டாம். மறுநாளைக்குப் புதுக் குச்சி. ஒரே மரத்தை மொட்டை அடிக்காமல் பக்கக் கிளையில் ஒடியுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் இரவு. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரக்கும். அப்போது வாயில் எச்சம் இருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். காலையில் துலக்குவது ஊர் பார்ப்பதற்கு. இரவில் துலக்குவதுதான் பல்லுக்கு. இரண்டு நிமிடம் போதும். அதன் பிறகு தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வாயில் போடக் கூடாது.

வழியெல்லாம் எங்களிடம் கேட்ட ஒரு கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். "மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடுமாமே?" போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்தப் பயத்தில் சீழ் பிடித்த பல்லோடு ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளியவர்களைப் பார்த்தேன். பயத்தால் கெட்டவர்தான் அதிகம்.

விவசாயப் பெருமக்களே, இன்று இரவு படுக்கப் போகும் முன் கண்ணாடியை எடுத்து, டார்ச் அடித்து, வாயைத் திறந்து ஒருமுறை பாருங்கள். மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள். வீட்டில் உள்ளவர்களையும் பாருங்கள். வாய்க்காலைப் பார்க்கும் அதே கண்ணோடு வாயையும் பாருங்கள். சிறு ஓட்டையாக இருக்கும்போதே அடைத்துவிடலாம். உடைப்பு எடுத்த பிறகு மண்மூட்டை போட்டு என்ன பயன்?